நானூற்றுப் பன்னிரண்டு வளங்கள்

மரியகொரட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஊவா தோட்ட எண்ம வள நிலையத்துக்கு மூன்று வாரம் போதவில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. எல்லாரும் காலையில் சாமி கும்பிட்டு நெற்றியில் திருநீறோ கழுத்தில் ஜெபமாலையோ தரித்து வந்தவர்கள். ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். அதனால்தான் நடந்ததைச் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் மரியகொரட்டிக்கு வேலை. குழந்தைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வேலையும் வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியது. குவைத்தில் வீட்டு வேலைக்கு ஏஜென்சியில் எழுதிக் கொடுத்துவிட்டாள். மெடிக்கல் முடிந்தது. பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரரிடம் இருந்தது. அடுத்த மாதம் நான்காம் தேதி பயணம். ஆறு வயது மகள் டிலக்ஷிக்கு இன்னும் சொல்லவில்லை.

போகாமல் இருக்க ஒரே ஒரு வழி தென்பட்டது. பிள்ளைமடுவத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அவள் ஃபோனைப் பார்த்து இணையப் பக்கம் எழுதக் கொஞ்சம் பழகியிருந்தாள். எல்ல என்ற சுற்றுலா ஊரின் பக்கத்து விடுதிகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் கஜேந்திரன் என்பவர் பண்டாரவளையில் சின்ன அலுவலகம் வைத்திருந்தார். ஆள் தேவை என்று அவர் போட்ட அறிவித்தலைப் பார்த்துவிட்டு மூன்றாம் தேதி போய்ச் சந்தித்தாள்.

அவள் செய்த பக்கத்தைப் பார்த்துவிட்டு கஜேந்திரன் சொன்னார்: "எழுத்து போட்டிருக்கீங்க, படம் போட்டிருக்கீங்க. எல்லாம் சரி. ஆனா சாமான் மூட்டையை அவுத்துக் கொட்டின மாதிரி கெடக்கு. சி.எஸ்.எஸ். தெரியணும்ங்க. இருபத்தஞ்சாம் தேதி வாங்க. ஒரு பக்கத்தோட படம் தருவேன். மூணு மணித்தியாலத்துல அதே மாதிரி செஞ்சு காட்டுங்க. செஞ்சிட்டீங்கன்னா வீட்டுல இருந்தே வேலை."

சி.எஸ்.எஸ். என்பது இணையப் பக்கத்துக்கு நிறம், அளவு, இடைவெளி எல்லாம் கொடுக்கும் எழுத்துமுறை. அது இல்லாத பக்கம் வெள்ளை அடிக்காத சுவர் மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் ஃபோனில் தேடினாள். ஒரு மணித்தியாலத்தில் சி.எஸ்.எஸ். என்று ஒருவர் சொன்னார். பதினொரு மணித்தியாலத்தில் சி.எஸ்.எஸ். என்று இன்னொருவர் சொன்னார். முதல் ஆள் சொல்வதை நம்பாதீர்கள் என்று மூன்றாவது ஆள் சொன்னார். இந்த வருடம் சி.எஸ்.எஸ். படிக்கவே வேண்டாம் என்று நான்காவது ஆள் சத்தம் போட்டுச் சிரித்தார். எல்லாரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போலப் பேசினார்கள். டேட்டா முடிந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: சிவப்புக்குச் சிவப்பு என்று ஆங்கிலத்தில் எழுதினால் சிவப்பு வரும்.

"எது நல்லதுன்னு ஒருத்தர் சொன்னா போதும்" என்றாள் கணவனிடம். "ஒண்ணே ஒண்ணு. அதைப் புடிச்சுக்கிட்டு நான் படிச்சிருவேன்."

தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்யும் அந்தோனிமுத்து யோசித்தான். "பதுளையில நம்ம ஆளுகளுக்குன்னே ஒரு கம்பியூட்டர் நிலையம் தெறந்திருக்காங்களாம். பெரிய பெயர்ப்பலகை போட்டிருக்கு. அங்க போய்க் கேளேன்."

அப்படித்தான் அவள் நான்காம் தேதி பசறை பஸ்ஸில் பதுளைக்கு வந்தாள்.

ஊவா தோட்ட எண்ம வள நிலையத்துக்கு வெளிநாட்டு உதவியில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் கணபதி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய சட்டையில் 'வள மேற்பார்வையாளர்' என்று எழுதிய அட்டை தொங்கியது. ஆனால் எல்லாரும் கங்காணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, சி.எஸ்.எஸ். புதுசா படிக்கிறவங்களுக்கு எதுங்க நல்லது?"

கணபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, சும்மா வாயால கேட்டா எப்படி? வாயால கேக்குறதுக்கு வாயால பதில் குடுக்கக்கூடாது. ஃபாரம் இருக்கு."

"ஃபாரம் நிரப்பினா சொல்லுவீங்களா?"

"ஃபாரம் நிரப்பினா நீ கேட்டது எங்களுக்குக் கேட்கும்."

ஃபாரத்தில் முதல் கேள்வி: விண்ணப்பதாரர் ஆரம்பநிலையாளரா? ஆம் என்று போட்டாள். அதை உறுதிப்படுத்த இருவருடைய கையொப்பம் வேண்டியிருந்தது. ஒருவர் கிராம சேவகர், மற்றவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. இவருக்குச் சி.எஸ்.எஸ். தெரியாது என்பதை எங்கள் சொந்த அறிவைக் கொண்டு உறுதி செய்கிறோம் என்று அதில் அச்சிட்டிருந்தது.

கிராம சேவகர் நல்ல மனிதர். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிறகு, "எனக்கும் தெரியாது. அந்த நம்பிக்கையில வைக்கிறேன்" என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார். துரையைப் பார்க்க மூன்று நாள் ஆயிற்று.

எட்டாம் தேதி ஆரம்பநிலையாளர் தகுதிப் பரீட்சை. பத்துக் கேள்விகள். நிலையத்தின் பணிப்பாளர் வீரசிங்கமே வந்து விளக்கம் சொன்னார். அவர் ஒரு பெரிய தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"ஆரம்பநிலையாளருக்கு உரிய வளத்தை அறிந்தவர் ஒருவர் அபகரித்துக்கொண்டால் அது பெரும் அநீதி. ஆகையால் இங்கே சித்தி அடைவதற்கான புள்ளி பூஜ்யம். பூஜ்யத்துக்கு மேல் எடுப்பவர்கள் மனவருத்தப்படக் கூடாது."

மரியகொரட்டி நேர்மையாக எழுதினாள். ஒன்பது கேள்விகள் அவளுக்கு விளங்கவே இல்லை. ஏழாவது கேள்வியில் எழுத்தைச் சிவப்பாக்க என்ன எழுத வேண்டும் என்று கேட்டிருந்தது. தெரிந்ததை எழுதினாள்.

பெறுபேறு பலகையில் ஒட்டியபோது அவள் பெயருக்கு நேரே ஒன்று என்று இருந்தது. பக்கத்தில் 'சித்தியடையவில்லை'.

"ஏம்மா, சிவப்பு எதுக்கு உனக்கு?" என்று கணபதி தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா வந்துக்கிட்டு இருந்தே. ஒம்பது கேள்விக்கும் தெரியாம இருந்து, ஒண்ணுல போய்க் கெடுத்துக்கிட்டியே."

"இப்ப என்னங்க செய்றது?"

"பன்னெண்டாம் தேதி திரும்ப வெப்போம். அதுக்குள்ள மறந்துட்டு வா."

நான்கு நாள் அவள் மறக்கப் பார்த்தாள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். தெரிந்ததைத் தெரியாது என்று எழுதுவது பொய் என்று அவளுக்கு மனம் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருந்தபோது ஒரு யோசனை வந்தது. பன்னிரண்டாம் தேதி பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்தாள். எழுதாதது பொய் ஆகாதல்லவா?

பூஜ்யம். அதுவும் ஒரு பிழைகூட இல்லாத பூஜ்யம் என்று வீரசிங்கம் கைகுலுக்கினார். "மற்றவர்கள் பிழையாக எழுதிப் பூஜ்யம் எடுத்தார்கள். நீங்கள் தூய்மையான பூஜ்யம். இந்த நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை." எல்லாரும் கைதட்டினார்கள். மரியகொரட்டிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

பதினான்காம் தேதி வள வழங்கல் விழா. குத்துவிளக்கு, தேவாரம், ஜெபம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. பிறகு தேர்வான இருபத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு பெரிய கட்டு கொடுத்தார்கள். பட்டு நாடா கட்டியிருந்தது. மரியகொரட்டி அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்த் திறந்தாள்.

'ஆரம்பநிலையாளருக்கான சி.எஸ்.எஸ். வளங்கள்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேரே நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு, 'இங்கே அழுத்தவும்' என்று அச்சிட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

பக்கத்தில் இருந்த ஒரு பையன் விரலால் அழுத்திப் பார்த்தான். "எனக்கு வேலை செய்யலையே. உங்களுக்கு?"

மரியகொரட்டி எழுந்து வீரசிங்கத்திடம் போனாள். "ஐயா, ரொம்ப நன்றிங்க. இதுல எதுங்க மொதல்ல? எது நல்லது?"

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பிள்ளை. ஒரு வளத்தை நல்லது என்று நான் சொன்னால், மீதி நானூற்றுப் பதினொன்றும் கெட்டது என்று ஆகிவிடும். அவற்றைச் சேகரித்த உத்தியோகத்தர்கள் மனம் நோகும். நாங்கள் வளத்தைக் கொடுப்போம். வழி காட்ட மாட்டோம். வழி காட்டினால் நீங்கள் அந்த வழியில் போய்விடுவீர்கள். பிறகு எங்களுக்கு என்ன வேலை?"

"ஐயாவுக்கு சி.எஸ்.எஸ். தெரியுங்களா?"

"எனக்குத் தெரிந்திருந்தால் நடுநிலை போய்விடும் அல்லவா?" என்றார் வீரசிங்கம். பெருமையோடுதான் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து படிப்பு என்று அறிவித்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மரியகொரட்டி பிள்ளைமடுவத்தில் லீவு போட்டுவிட்டு, விடியும் முன்பே டிலக்ஷிக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

காலை எட்டு மணிக்கு நிலையத்தின் முற்றத்தில் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு இன்ன மலைக்கு இன்ன ஆள் என்று பிரித்து விடுவார்களே, அதே பெரட்டு. கணபதி கொப்பியை விரித்துக் கூப்பிட்டார். "ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் இந்த நாலு பேரு. அம்பத்தொண்ணுல இருந்து நூறு வரைக்கும் அந்த நாலு பேரு. கணினியில ஒவ்வொரு வளமாத் தெறந்து, பிரிண்ட் எடுத்துக் கொண்டாங்க. ரெண்டு மணிக்கு நிறுவை."

"நிறுவையா?" என்றாள் மரியகொரட்டி.

"ஆமா. நிறுக்காம எப்படித் தெரியும் படிச்சியா இல்லையான்னு?"

முற்றத்தின் ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு தொங்கியது. ஒரு நாளைக்கு நான்கு கிலோ தாள் கொண்டு வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தில் கிலோ குறைந்த பெண்களுக்கு அரைநாள் வேலையாகப் போடுவது போல, இங்கே அரைநாள் படிப்பாகப் போட்டார்கள். முழுப்பேர் பத்து விழுந்தால் சான்றிதழ்.

தினமும் மழை பெய்தது. தாளில் ஈரம் ஏறியிருக்கும் என்று கணபதி ஆளுக்கு இருநூறு கிராம் கழித்தார். குத்தியிருந்த பின்னுக்கு ஐம்பது கிராம். பட்டு நாடாவுக்கும் கழித்தார். அது அவர்கள் கொடுத்த நாடாதான்.

"ஐயா, நாங்க இதைப் படிக்கிறது எப்பங்க?" என்று அவள் இரண்டாம் நாள் கேட்டாள்.

"பறிக்கிறவளே தேத்தண்ணியும் ஊத்துவாளாம்மா? நீ பறி. நாளைக்குப் பாப்போம்."

நாளைக்கு என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அது அவளுடைய பழக்கம். தேவனிடம் அப்படித்தான் காத்திருந்து பழகியிருந்தாள். மனிதர்களிடமும் அப்படியே இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நிலையத்தின் பிரிண்டர் பழுதாகிவிட்டது. எதிரே இருந்த கொமியுனிகேஷன் கடைக்குப் போய் அச்செடுக்கச் சொன்னார்கள். ஃபோட்டோகொப்பி, பிரிண்ட், பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது எல்லாம் அங்கே நடந்தது. கடையில் ஜுமானா என்ற பெண் தனியாக இருந்தாள். மரியகொரட்டியைவிட நான்கைந்து வயது இளையவள். தலையில் முக்காடு, காதில் பென்சில்.

"எத்தின பக்கம் அக்கா?"

"எத்தனை பக்கம்னு இல்ல தங்கச்சி. ரெண்டு கிலோ வேணும்."

ஜுமானா சிரித்துவிட்டாள். பிறகு மரியகொரட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னத்துக்கு இதெல்லாம்?"

மரியகொரட்டி சொன்னாள். கஜேந்திரனின் அலுவலகத்தைச் சொன்னாள். இருபத்தைந்தாம் தேதியைச் சொன்னாள். குவைத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் மேல் தாள் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, நான் பெரிய ஆளில்ல" என்றாள் ஜுமானா, வளப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "கடைக்கு ஒரு பக்கம் செய்றதுக்காக நானாப் பழகினது. ஆனா தொடங்குறதுக்கு இவ்வளவு தேவையில்ல. இதுல ஒண்ணு நல்லது இருக்கு, நூத்தி எண்பத்தாறாவது. மெதுவாச் சொல்லித் தருது. ஒவ்வொரு நாளும் ஒண்ணே ஒண்ணு. பகல் நேரம் கடையில சனம் குறைவு. வாங்களேன், அந்தக் கணினியில இருங்க."

பதினான்கு நாள் கழித்து அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதிலைச் சொன்னவள் நிலையத்தின் ஊழியர் அல்ல. சம்பளம் கேட்கவில்லை. ஃபாரமும் கேட்கவில்லை.

அன்று பகல் முதல் பாடம். நிறமும் எழுத்தின் அளவும்.

இரண்டாம் பகல் பெட்டியைப் பற்றி. எழுத்தைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக நினைக்க வேண்டும். பெட்டியின் உள்ளே விடும் இடம் பேடிங், கோடு போடர், வெளியே விடும் இடம் மார்ஜின். மரியகொரட்டிக்கு மார்ஜினும் பேடிங்கும் குழம்பிக் குழம்பி வந்தது.

"அக்கா, உங்கட வீடு லயத்துல, வரிசை வீடுதானே?" என்றாள் ஜுமானா. "உங்கட காம்பராவுக்குள்ள சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல எவ்வளவு இடம்?"

"ஒரு அடி இருக்கும்."

"அது பேடிங். சுவர்தான் போடர். உங்கட சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம்?"

"நடுவுலயா? ஒரே சுவர்தானே ரெண்டு வீட்டுக்கும்! அங்க தும்மினா இங்க நாங்க ஆண்டவரேங்குறோம்."

"அப்ப மார்ஜின் பூஜ்யம்."

மரியகொரட்டி சிரித்தாள். இரண்டு வாரத்தில் அன்றுதான் சிரித்தாள். "இதை மட்டும் எங்க தாத்தா காலத்திலயே யாராவது துரைக்குச் சொல்லிக் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

மூன்றாம் பகல் முடியும்போது அவள் ஒரு பக்கம் செய்துவிட்டாள். மேலே பிள்ளைமடுவம் என்று நீல எழுத்து. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அளவான இடைவெளி. நாளைக்குப் பெட்டிகளை ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதைச் சொல்லித் தருகிறேன் என்றாள் ஜுமானா. தான் செய்ததை மரியகொரட்டி ஒரு தாளில் அச்செடுத்தாள். சந்தோஷத்தில் அதை மறைக்கத் தோன்றவில்லை. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நிறுவைக்குப் போய்விட்டாள்.

கணபதி தராசில் வைத்தார். முள் அசையவில்லை. ஈரத்துக்கு இருநூறு கிராம் கழித்தார்.

"மைனஸ்ல போகுதேம்மா" என்றார். பயந்துவிட்டார் பாவம். முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு நிறுவையைப் பார்த்ததில்லை.

"இது நானே செஞ்சதுங்க. சி.எஸ்.எஸ்.ல."

"நீயே செஞ்சியா?" கணபதி தாளைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய முகத்தில் ஒரு கணம் ஆச்சரியம் வந்தது. பேத்தியின் படத்தைப் பார்ப்பவர் மாதிரி. பிறகு உத்தியோகம் நினைவுக்கு வந்துவிட்டது. "ஐயாகிட்ட சொல்லணும்" என்றார்.

அடுத்த நாள் பகலில் விசாரணை. அந்தப் பகலில்தான் ஜுமானா பெட்டிகளை வரிசையில் நிறுத்தச் சொல்லித் தருவதாக இருந்தது.

வீரசிங்கம் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை மேல் வைத்திருந்தார்.

"பிள்ளை, நீங்கள் சி.எஸ்.எஸ். கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது."

"ஆமாங்க ஐயா. கொஞ்சம்."

"மறுக்கவில்லை. நல்லது. உண்மை பேசுகிறீர்கள்." அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். "ஆனால் ஒரு சிக்கல். நிலையத்தில் பதிந்த ஒருவர் நிலையத்துக்கு வெளியே கற்றுக்கொண்டால் அது யாருடைய வெற்றி? அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'சேகரித்த தாள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'வழங்கிய வளம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'கற்றவர்' என்று ஒரு கட்டம் இல்லை. உதவி தந்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை."

"இருபத்தஞ்சாம் தேதி எனக்கு வேலைக்குப் பரீட்சைங்க. அதுக்காகத்தான்."

"இன்னொன்று. இப்போது நீங்கள் ஆரம்பநிலையாளர் அல்ல. ஆகவே ஆரம்பநிலையாளர் வளத்தை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. கட்டைத் திருப்பித் தந்துவிடுங்கள். நாடாவையும்."

விசாரணை மறுநாளும் நடந்தது. அப்படியே இருபத்து நான்காம் தேதி வரைக்கும் இழுத்தது. கணபதி சாட்சி சொன்னார். கடைசி நாள் சாயங்காலம் அவளைப் பெரிய மனதோடு மன்னித்து, நற்சாட்சிக் கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். 'இவர் நிலையத்தின் வளங்கள் எதையும் சேதப்படுத்தவில்லை' என்று அதில் இருந்தது.

அவள் ஓடி வந்து பார்த்தபோது ஜுமானாவின் கடை பூட்டியிருந்தது. ஜுமானா தன் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

இருபத்தைந்தாம் தேதி காலை பண்டாரவளையில் கஜேந்திரன் அவளுக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு ஒரு படத்தைத் திரையில் வைத்தார். எல்லயில் உள்ள ஒரு விடுதியின் பக்கம். மேலே பெயர். அதற்குக் கீழே மூன்று அறைகளின் படங்கள், மூன்று பெட்டிகளில், ஒரே வரிசையில், பக்கத்தில் பக்கத்தில்.

மூன்று மணித்தியாலம் அவள் தலை நிமிரவில்லை. நிறம் சரியாக வந்தது. எழுத்து அளவாக வந்தது. பேடிங், போடர், மார்ஜின் எல்லாம் மயிரிழை பிசகாமல் வந்தது. ஆனால் பெட்டிகள் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் நின்றன. இழுத்துப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள். அவை கீழேயே நின்றன. பிறந்த நாள் முதல் வரிசை வீட்டில் வாழ்ந்தவளுக்கு மூன்று பெட்டிகளை வரிசையில் நிறுத்தத் தெரியவில்லை.

கஜேந்திரன் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"சுத்தமாச் செஞ்சிருக்கீங்க. எத்தனை நாள் படிச்சீங்க?"

"மூணு பகல்ங்க."

"மூணு பகல்லயா?" அவருக்கு வருத்தமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "ஆனா எனக்கு இந்த வாரமே ஆள் வேணும். இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க, அதுல ஒருத்தர் முழுசாச் செஞ்சிட்டார். நீங்க ஆறு மாசம் கழிச்சு வாங்களேன். கண்டிப்பா எடுப்பேன்."

"ஆறு மாசத்துல நான் இங்க இருக்க மாட்டேன்ங்க" என்றாள் மரியகொரட்டி. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அன்று இரவு டிலக்ஷிக்குச் சொன்னார்கள். நான்காம் தேதி காலை பசறையிலிருந்து வேன் வந்தது. அந்தோனிமுத்து மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வரைக்கும் வந்தான். புறப்படும் முன் மரியகொரட்டி ஜுமானாவுக்கு ஃபோன் செய்தாள். நன்றி சொல்லத்தான். "அங்க ஃபோன் தருவாங்களா அக்கா?" என்று மட்டும் ஜுமானா கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் தருவார்கள் என்று ஏஜென்சியில் சொன்னதாக மரியகொரட்டி சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கணபதி கடைக்கு ஒரு கட்டோடு வந்தார். "ஆண்டறிக்கை. நூத்தம்பது பிரதி எடு மகள். நாளைக்கு வெளிநாட்டு ஆளுக வாறாங்க."

ஜுமானா மெஷினில் வைத்து ஓடவிட்டாள். தாள்கள் விழ விழ, கண்ணில் பட்டதை வாசித்தாள். சேகரித்த தாள், ஆயிரத்து நூற்றுப் பத்துக் கிலோ. ஈரக் கழிவு, அறுபத்திரண்டு கிலோ. வழங்கிய வளம், எண்ணாயிரத்துக்கு மேல். ஆறாம் பக்கத்தில் பணிப்பாளரின் செய்தி இருந்தது.

'எமது நிலையத்தின் மகத்தான சாதனை யாதெனில், சி.எஸ்.எஸ். பிரிவில் பதிந்த செல்வி மரியகொரட்டி குறுகிய காலத்திலேயே வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பெற்றமையாகும். தூய்மையான பூஜ்யத்தில் தொடங்கிய அவரது பயணம் இன்று கடல் கடந்திருக்கிறது.'

அதில் அவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படமும் இருந்தது. அவளைத் திருமணம் ஆகாதவளாக்கியதைத் தவிர அந்த வாக்கியங்களில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் ஜுமானாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"கங்காணி ஐயா, இதை வாசிச்சீங்களா?"

கணபதி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழை. "வாசிச்சேன்" என்றார். "அவ கொண்டாந்த அந்த ஒத்தத் தாளை நான் தராசுல வெச்சிருக்கக்கூடாது" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அறுபத்தொன்றாவது பிரதியில் மெஷினுக்குள் தாள் மாட்டிக்கொண்டது. ஜுமானா மூடியைத் திறந்து மெதுவாக இழுத்து எடுத்தாள். ஆறாம் பக்கம்தான், நடுவில் கசங்கி. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். பின்பக்கத்தில் மூன்று பெட்டிகள் வரைந்தாள், ஒரே வரிசையில். அவற்றைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி. பெரிய பெட்டிக்கு மேலே அம்புக்குறி போட்டு ஒரு குறிப்பு எழுதினாள்: 'அக்கா, வெளிப் பெட்டிக்கு டிஸ்பிளே ஃப்ளெக்ஸ் என்று கொடுங்க. அவ்வளவுதான். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வாரத்துக்கு இது மட்டும்.'

வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

மெஷினின் மூடியைச் சாத்தினாள். இன்னும் தொண்ணூறு பிரதிகள் எடுக்க வேண்டியிருந்தது.